பாக்டீரியா தாக்கும்போது மீனின் செல்கள் என்ன செய்கின்றன?

கேள்வி இது: பண்ணை மீனுக்குப் பாக்டீரியா தொற்று வந்தால் அதன் உடம்புக்குள், செல் அளவில் என்ன நடக்கிறது? நமக்கு இருப்பதுபோல் மீனுக்கும் நோய் எதிர்ப்பு உண்டா? ஒரே தொட்டியில் ஒரே தீவனம் தின்று வளர்ந்த மீன்களில் பாதி செத்து, பாதி பிழைப்பது எதனால்?

நடுவில் இருக்கும் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். உண்டு, நன்றாகவே உண்டு. ஆனால் மனிதனுக்கோ எலிக்கோ பாடப்புத்தகத்தில் வரைந்த படத்தை எடுத்து மீனின் மேல் ஒட்டினால் பல இடங்களில் பொருந்தாது. மீனின் எலும்புக்குள் ரத்த அணு ஊறும் மஜ்ஜை கிடையாது. நிணநீர் முடிச்சுகளும் கிடையாது. அந்த வேலைகளில் பெரும்பங்கைச் சுமப்பது தலைச் சிறுநீரகம். தலைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாகப் படிந்திருக்கும். பெயர்தான் சிறுநீரகம், வளர்ந்த மீனில் சிறுநீர் பிரிக்கும் வேலை பின்பகுதியோடு சரி. முன்பகுதி வெள்ளணுக்களின் பிறப்பிடம், கிடங்கு, போர்க்களம் எல்லாமே. செத்த மீனை அறுத்துப் பார்ப்பவர்கள் பாக்டீரியாவை வளர்த்தெடுக்க முதலில் சிறுநீரகத்தைத்தான் தொடுவார்கள். இந்த உறுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருகிறேன்.

சண்டை தொடங்குவது தோலில். மீன் பாக்டீரியாவிலேயே குளித்துக்கொண்டிருக்கும் பிராணி. ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா போன்றவை எங்கிருந்தோ வந்த அன்னியர்கள் அல்ல. நன்னீரில் சாதாரணமாகவே இருப்பவை. நம் தோலின் மேற்பரப்பு செத்த செல்களால் ஆன உலர்ந்த ஓடு. மீனுக்கு அப்படியில்லை, அதன் தோலின் ஆகக் கடைசி அடுக்குவரை உயிருள்ள செல்கள். செதில்தான் வெளியே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் செதிலுக்கும் மேலே மெல்லிய, உயிருள்ள தோல் போர்த்தியிருக்கிறது. வலையில் உரசிச் செதில் ஒன்று உதிர்ந்தால், அந்தப் போர்வையும் கிழிந்தது என்று பொருள்.

கிழிந்தால் மீன் காத்திருப்பதில்லை. சுற்றியுள்ள தோல் செல்கள் பெருகக்கூட நேரம் எடுக்காமல், இருக்கிற செல்களே காயத்தின் மேல் ஊர்ந்து வந்து சில மணி நேரத்தில் மூடிவிடுகின்றன. செல்கள் நகரும் வேகத்தை ஆராய்பவர்கள் மீனின் தோல் செல்லை விரும்பி எடுத்துக்கொள்வது இந்த வேகத்துக்காகத்தான். அவசரத்துக்குக் காரணம் பாக்டீரியா மட்டுமல்ல. நன்னீர் மீனுக்குக் காயத்தின் வழியே தண்ணீர் உள்ளே ஏறும், உப்பு வெளியேறும். அதுவே ஆளைக் கொல்லப் போதும்.

தோலின் மேல் இருக்கும் சளியை வெறும் வழுவழுப்பு என்று தள்ளிவிடக் கூடாது. பாக்டீரியாவின் சுவரை அறுக்கும் லைசோசைம், அதன் சவ்வில் ஓட்டை போடும் சிறு புரதங்கள், புரதம் செரிக்கும் நொதிகள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. அந்த ஓட்டை போடும் புரதங்களில் பிஸிடின் என்பதை 2001-இல் கலப்பினப் பாஸ் மீனின் மாஸ்ட் செல்களுக்குள் கண்டுபிடித்தார்கள். நமக்கு ஒவ்வாமைத் தும்மலைக் கொடுக்கும் மாஸ்ட் செல், மீனில் மருந்துக்குப்பியைச் சுமக்கிறது. சளியில் ஆன்டிபாடியும் உண்டு. மீனுக்கே உரிய ஐஜிடி (IgT) என்ற வகையை 2005-இல் அடையாளம் கண்டார்கள். அது குடல், தோல், செவுள் ஆகியவற்றின் பரப்புகளைக் காக்கும் தனிப்படை என்பது 2010 முதல் தெளிவானது. எல்லா மீனுக்கும் இது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேனல் கெளுத்தியிடம் ஐஜிடி கிடையாது.

மிகப் பலவீனமான வாசல் செவுள். ஆக்ஸிஜன் உள்ளே வர வேண்டுமென்றால் சுவர் மெலிந்துதான் ஆக வேண்டும். ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓரிரு செல் கனம்தான். ஃபிளேவோபாக்டீரியம் காலம்னாரே இங்கேதான் குடியேறும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. கெளுத்தியின் செவுள் சுரக்கும் சர்க்கரை-ஒட்டிப் புரதம் ஒன்று, எதிரியைப் பிடிப்பதற்காக இருக்க வேண்டியது, இந்தப் பாக்டீரியா பற்றிக்கொள்ளும் கைப்பிடியாகவே மாறிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பட்டினி போட்ட மீனில் அந்தப் புரதம் கூடியது, நோயும் கூடியது.

சரி, வாசலைத் தாண்டிவிட்டது. இது எதிரி என்று ஒரு செல்லுக்கு எப்படித் தெரியும்? செல்லின் பரப்பிலும் உள்ளேயும் உணர்விகள் இருக்கின்றன. பாக்டீரியாவுக்கு மட்டுமே உரிய சில உருவங்களை அவை தடவிப் பார்த்துக் கண்டுகொள்ளும். பாக்டீரியாவின் வாலான கசையிழையைக் கண்டுகொள்வது டிஎல்ஆர்-5 என்ற உணர்வி. வானவில் டிரவுட் மீனில் இது இரண்டு வடிவங்களில் உண்டு. ஒன்று செல்லின் சவ்வில் பதிந்தது, மற்றொன்று கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் மிதப்பது. முதலாவது கசையிழையைக் கண்டு சத்தம் போட, அந்தச் சத்தத்தில் இரண்டாவது பெருகி, முதலாவதின் சத்தத்தை இன்னும் கூட்டுகிறது. பாலூட்டிகளிடம் இந்த மிதக்கும் வடிவம் இல்லை.

நேர்மாறாக, பாலூட்டிகள் கண்டு நடுங்கும் ஒரு பொருளை மீன் அதிகம் பொருட்படுத்துவதில்லை. கிராம்-நெகடிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் எண்டோடாக்ஸின்தான் அது. மனிதனின் ரத்தத்தில் துளி போனாலே அதிர்ச்சி வரும். மீனோ பல மடங்கு அளவையும் தாங்கும். மனிதனில் அதைக் கண்டுகொள்ளும் டிஎல்ஆர்-4 பல மீன்களில் இல்லவே இல்லை, இருக்கும் மீன்களிலும் அதே முறையில் வேலை செய்வதில்லை. வாழ்நாள் முழுக்க அந்தப் பொருள் மிதக்கும் தண்ணீரிலேயே வாழும் பிராணிக்கு அது நியாயம்தானே என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான்.

உணர்வி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் தொடர் ஓட்டம் நடக்கிறது. கடைசியில் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் கருவுக்குள் புகுந்து, அடைத்து வைத்திருந்த மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டா, டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-8 ஆகிய தூது மூலக்கூறுகள் சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறும். ரத்தக்குழாய்ச் சுவர் தளரும். கல்லீரல் வேறு புரதங்களைச் செய்ய ஆரம்பிக்கும். மீன் தீவனத்தைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும். கடைசியாகச் சொன்னதுதான் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும் முதல் அறிகுறி. அப்போது உள்ளே பாதிப் போர் நடந்து முடிந்திருக்கும்.

அழைப்புக் கேட்டு முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள். தலைச் சிறுநீரகத்தில் இருப்பு வைத்திருந்தவற்றை உடல் ரத்தத்தில் திறந்துவிடுகிறது. உடம்பு கண்ணாடி போல் இருக்கும் வரிக்குதிரை மீன் குஞ்சில் இதை நுண்ணோக்கி வழியே உயிரோடு பார்க்கலாம். காயத்தை நோக்கி நியூட்ரோஃபில்கள் வரிசை கட்டி ஓடும். வேலை முடிந்ததும் சில திரும்பி நடக்கவும் செய்யும். இவை பாக்டீரியாவை விழுங்கும், அல்லது தங்கள் டிஎன்ஏவையே வலையாக வெளியே உமிழ்ந்து அதில் சிக்க வைக்கும். பின்னாலேயே மேக்ரோஃபேஜ்கள் வரும். பெருவிழுங்கி என்று தமிழில் சொல்வது பொருத்தமான பெயர். விழுங்கிய பாக்டீரியாவை ஒரு பைக்குள் அடைத்து, அதை அமிலமாக்கி, செரிக்கும் நொதிகளைக் கொட்டும். கூடவே ஆக்ஸிஜனைப் பிடித்துச் சூப்பராக்ஸைடாகவும் பெராக்ஸைடாகவும் மாற்றி உள்ளே பாய்ச்சும்.

இந்த இடத்தில் சற்று நிறுத்திக் கவனியுங்கள். அந்த ஆயுதத்துக்கு மூலப்பொருள் ஆக்ஸிஜன். பெயரே சுவாச வெடிப்பு. தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் விடியற்காலையில் அடிமட்டத்துக்குப் போகும் குளத்தில், நியூட்ரோஃபில் இருக்கும், பாக்டீரியாவை விழுங்கியும் இருக்கும், வெடிமருந்து மட்டும் குறைவாக இருக்கும். ஆக்ஸிஜன் குறைந்தால் மீன் மூச்சுத் திணறும் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ஒவ்வொரு வெள்ளணுவும் திணறுகிறது.

மீனிடம் இன்னும் ஓர் ஆச்சரியம் உண்டு. ஆன்டிபாடி செய்வதுதான் பி செல்லின் வேலை, விழுங்குவது அதன் வேலையல்ல என்று நெடுங்காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிரவுட்டின் பி செல்கள் பாக்டீரியாவை விழுங்கிக் கொல்லவும் செய்கின்றன என்று 2006-இல் காட்டினார்கள். பிறகுதான் எலியிலும் தேடிப் பார்த்து, சில பி செல்களிடம் அதே குணத்தைக் கண்டார்கள். மீனின் சிவப்பணுவுக்கும் கரு உண்டு. அதனால் அதுவும் ஆக்ஸிஜன் தூக்கும் கூலியாளாக மட்டும் இல்லாமல், கிருமியின் வாசனை பட்டால் மரபணுக்களை இயக்கிப் பதில் தருகிறது.

விழுங்குவது தவிர இன்னொரு உத்தி பட்டினி போடுவது. இரும்பு இல்லாமல் பெரும்பாலான பாக்டீரியா பெருகாது. தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் சுரந்து, இரும்பைச் செல்களுக்குள் பூட்டி வைக்கிறது. டிரான்ஸ்ஃபெரின் ரத்தத்தில் மிச்சமிருப்பதைக் கவ்விக்கொள்கிறது. விப்ரியோ ஆங்குவில்லாரம் இதற்கு மாற்று வைத்திருக்கிறது. அதன் கொடிய வகைகள் பல, பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் ஒன்றில் ஆங்குவிபாக்டின் என்ற இரும்புத் திருடனின் செய்முறையைச் சுமக்கின்றன. அந்தப் பிளாஸ்மிட்டை இழந்தால் அது கொல்லும் திறனில் பெரும்பகுதியை இழக்கிறது. ஒரு கைப்பிடி இரும்புக்காக இவ்வளவு சண்டையா என்றால், ஆமாம்.

இதுவரை சொன்னதைப் படித்தால் மீன் எப்போதும் ஜெயிக்கும் போலிருக்கும். தோற்கும் விதங்களில்தான் உண்மையான சுவாரசியம் இருக்கிறது.

எளிய முரடன் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா. ஏரோலைசின் என்ற நஞ்சால் செல்சவ்வில் துளை போட்டு உடைத்துக்கொண்டே போகும். தோல் சிவந்து புண்ணாவதும், வயிறு நீர் கோத்து உப்புவதும், செதில் சிலிர்த்து நிற்பதும் குழாய்ச் சுவர்கள் கசிந்து, சிறுநீரகம் நீரை வெளியேற்ற முடியாமல் போனதன் வெளித்தோற்றம். மருந்து தேடுபவர்கள் அதை ஒரு தனி நோயாகப் பேசுகிறார்கள். நீர்க்கோப்பு ஒரு முடிவு மட்டுமே. அதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கிருமிகள் பல.

தந்திரக்காரன் எட்வர்ட்ஸியெல்லா. இது விழுங்கப்படுவதையே விரும்புகிறது. பெருவிழுங்கியின் பைக்குள் போனதும், ஊசி போன்ற சுரப்புக் குழாய்களால் தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தி, பை செரிக்கும் அறையாக மாறாமல் தடுத்து, அதற்குள்ளேயே பெருகுகிறது. பெருவிழுங்கி மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும்போது கிருமியையும் தன்னுடனே எடுத்துப் போகிறது. சால்மனைத் தாக்கும் பிஸ்ஸிரிக்கெட்ஸியா, திலாப்பியாவைத் தாக்கும் பிரான்சிசெல்லா ஆகியவையும் இதே வகை. இப்படிச் செரிக்க முடியாததைச் சுற்றி வெள்ளணுக்கள் அடுக்கடுக்காகச் சுவர் எழுப்பும். மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் வெள்ளைக் கடுகு தூவியதுபோல் முடிச்சுகள் தெரிந்தால், இந்தச் சுவர்களைத்தான் பார்க்கிறீர்கள். கொல்ல முடியாததைச் சிறைவைத்திருக்கிறது மீன்.

எனக்கு எல்லாவற்றையும்விட அச்சம் தருவது ஃபோட்டோபாக்டீரியத்தின் ஏஐபி-56 என்ற நஞ்சு. கடல் பாஸ், சீபிரீம் பண்ணைகளில் பெரும் சாவை உண்டாக்கும் கிருமி அது. 2005-இல் விவரிக்கப்பட்ட இந்த நஞ்சுக்கு இரண்டு பாகங்கள். ஒன்று செல்லுக்குள் நுழைய வழி செய்கிறது, மற்றது கத்தரி. உள்ளே போன கத்தரி வெட்டுவது எதை? முன்பு சொன்ன என்எஃப்-கப்பா-பி புரதத்தின் பி65 துண்டை. அபாய மணியின் கயிற்றை அறுத்துவிடுகிறது. அந்தக் கயிறு செல்லை உயிரோடு வைத்திருக்கும் கட்டளைகளுக்கும் தேவை என்பதால் நியூட்ரோஃபிலும் பெருவிழுங்கியும் தற்கொலை செய்துகொள்கின்றன. வழக்கமாக அப்படிச் செத்த செல்களைப் பெருவிழுங்கிகள் சத்தமில்லாமல் அள்ளித் தின்றுவிடும். இங்கே தின்ன வேண்டிய பெருவிழுங்கிகளே செத்துக்கிடக்கின்றன. அள்ள ஆளின்றி நியூட்ரோஃபில் பிணங்கள் வெடித்து, உள்ளே பூட்டியிருந்த நொதிகள் சுற்றியுள்ள திசுவைக் கரைக்கின்றன. மீனின் ஆயுதக்கிடங்கே மீனை எரிக்கிறது.

ஆன்டிபாடி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அது தாமதமாக வரும் விருந்தாளி. மீனின் முக்கிய ஆன்டிபாடி ஐஜிஎம், நான்கு அலகுகள் சேர்ந்தது. நம் உடம்பில் ஐஜிஎம் பிறகு ஐஜிஜியாக மாறுவதுபோன்ற வகை மாற்றம் மீனில் கிடையாது. காலப்போக்கில் பிடிமானம் கூர்மையாவதும் குறைவு. வேகத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் வெப்பம். சால்மன் தடுப்பூசி போடுபவர்கள் நாட்களை எண்ணுவதில்லை, டிகிரி-நாளை எண்ணுகிறார்கள். ஏறத்தாழ 500 டிகிரி-நாள் வேண்டுமென்றால், 10 டிகிரித் தண்ணீரில் அது 50 நாள். திடீர்த் தொற்று ஒரு வாரத்தில் கொன்றுவிடும். அதனால்தான் தடுப்பூசி முன்கூட்டியே போட வேண்டியிருக்கிறது. போட்டால் பலன் பெரிது: நார்வேயில் 1987-இல் மீன் பண்ணைகளில் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாட்டிக் செலவானது, தடுப்பூசி பரவிய பிறகு, உற்பத்தி பல மடங்கு உயர்ந்தும், அண்மைக் காலத்தில் அது 2 டன்னுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அட்லாண்டிக் காட் மீனோ, ஆன்டிபாடி உருவாக்கத்துக்கு அவசியம் என்று நாம் நினைக்கும் எம்எச்சி-2 மரபணுக்களையே தொலைத்துவிட்டு நன்றாக வாழ்கிறது. அதன் மரபணுத்தொகை வெளிவந்த 2011-இல் பலர் தலையைச் சொறிந்தார்கள்.

இனி, பாதி செத்துப் பாதி பிழைக்கும் கேள்வி. மரபு ஒரு காரணம். சில குடும்பங்கள் பிறப்பிலேயே தாக்குப்பிடிக்கும். எந்த மீன் எத்தனை கிருமியைச் சந்தித்தது, எதற்கு முன்பே காயம் இருந்தது என்பதும் உண்டு. ஆனால் என் பார்வையில் பண்ணையில் தராசைச் சாய்ப்பது பெரும்பாலும் அழுத்தம், அதுவும் செல் அளவிலேயே. தலைச் சிறுநீரகத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? கார்ட்டிசால் சுரக்கும் செல்களும் அதே உறுப்புக்குள்தான் குடியிருக்கின்றன. நமக்கு அந்த வேலையைச் செய்யும் அட்ரீனல் தனிச் சுரப்பி. மீனில் அழுத்த ஹார்மோனும் வெள்ளணுவும் ஒண்டுக்குடித்தனம். நெருக்கடி, அம்மோனியா, வலை, இடமாற்றம் எதுவாக இருந்தாலும் கார்ட்டிசால் அண்டை வீட்டில்தான் முதலில் வழியும். கெண்டையில் பார்த்தபோது பி செல்கள் அதனால் தற்கொலை செய்துகொண்டன. நியூட்ரோஃபில்களோ வழக்கத்தைவிட நீண்ட நாள் பிழைத்தன. உடனடிச் சண்டைக்கு ஆள் இருக்கட்டும், நெடுநாள் படை போனால் போகட்டும் என்ற கணக்கு. ஒரு நாள் ஆபத்துக்கு அது புத்திசாலித்தனம், ஒரு மாத நெருக்கடிக்கு அல்ல. தொட்டிக்குள் பெரிய மீன்கள் துரத்தித் துரத்தி ஒடுக்கும் சிறிய மீனிடம் கார்ட்டிசால் எப்போதும் கூடுதல். ஒரே தண்ணீர், ஒரே தீவனம் என்று நாம் நினைக்கிறோமே தவிர, அந்த மீனுக்கு அது ஒரே வாழ்க்கை அல்ல.

வெப்பமும் அப்படியே. சேனல் கெளுத்தி வாழும் தண்ணீர் ஒரே நாளில் சட்டென்று குளிர்ந்தால் அதன் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் வாரக்கணக்கில் மந்தமாகிவிடும். விழுங்கும் செல்கள் மட்டும் ஓரளவு வேலை செய்யும். மீனுக்குக் காய்ச்சல் வரவழைக்க உடம்பில் அடுப்பு இல்லை, ஆனால் சூடான இடத்துக்கு நீந்திப் போக முடியும். ஏரோமோனாஸ் செலுத்திய மீன்கள் வழக்கத்தைவிட வெப்பமான தண்ணீரைத் தேர்ந்து நின்றதை 1976-இலேயே பதிவு செய்தார்கள். எல்லா மூலையும் ஒரே வெப்பமாக இருக்கும் தொட்டியில் அது எங்கே போகும்?

மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் செல்லோடு சம்பந்தப்பட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்றவை பாக்டீரியாவைக் கொல்வதில்லை. பெருகாமல் நிறுத்தி வைக்கின்றன. கொன்று முடிப்பது வெள்ளணு. அந்த மருந்தே கெண்டையின் நோய் எதிர்ப்பைக் குறைத்ததாக 1980-இலேயே காட்டியிருக்கிறார்கள். மேலும் மருந்தைத் தீவனத்தில் கலந்து போட்டால் அதைத் தின்பது பசியுள்ள மீன். உள்ளே சண்டை உச்சத்தில் இருக்கும் மீன் ஏற்கெனவே தின்பதை நிறுத்திவிட்டது. ஆகவே சாவு தெரிந்த அன்று முதல் வேலை ஆக்ஸிஜனை ஏற்றுவதும், வலையைத் தொடாமல் இருப்பதும், சிறுநீரகத்திலிருந்து எடுத்த மாதிரியில் எந்தக் கிருமி என்று பார்ப்பதும்தான். மருந்து அதற்கப்புறம்.

பிழைத்த பாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்வர்ட்ஸியெல்லா இக்டலூரி வந்து தேறிய கெளுத்திகளின் தலைச் சிறுநீரகத்தில், வெளியே எந்த அறிகுறியும் இல்லாத நிலையிலும், உயிருள்ள கிருமி நீண்ட நாள் தங்கியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கார்ட்டிசால் சுரக்கும் செல்களுக்குப் பக்கத்து வீட்டிலேயே, அடுத்த வலைவீச்சு வரைக்கும்.